பறவைகள் வரும் எங்கள் ஊர்ப் பாசன ஏரியை ஆக்கிரமிக்கிறார்கள். காக்கச் சொல்லி மனு எழுதினேன், ஊரில் கையெழுத்துக் கிடைக்கவில்லை. மனு கொடுத்தால் போதாதா, ஊர் ஆதரவு எதற்கு?

கட்டாயம் வேண்டும். உங்களுடையது பாசன ஏரி என்கிறீர்கள். ஏரி, சதுப்பு போன்ற ஈரநிலங்களைக் காக்கும் 2017 ஈரநில விதிகள் பாசனத்துக்காக வெட்டிய ஏரிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தச் சட்டத்தை நம்பி உட்கார முடியாது.

கையெழுத்துக் கிடைக்காததற்குக் காரணம், மனு முழுக்கப் பறவையாகவே இருப்பதாக இருக்கலாம். கிணறு, வயல் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா? வேடந்தாங்கல்காரர்கள் பறவைகளைக் காத்ததே, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது கலெக்டரிடமே போய் நின்றார்கள்; 1798-லேயே காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டார்கள்.

அப்புறம், சர்வே எண்ணை வைத்து, எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் ஏரி என்று இருக்கிறதா, தரிசு என்று இருக்கிறதா பாருங்கள். அதோடு கிராம சபைக்குப் போங்கள்.

ஒன்று: தீர்மானம் போட்டதும் ஆக்கிரமிப்பு போய்விடாது. அளந்து எல்லைக்கல் நடும்வரை விடாமல் கேட்க வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும்.