ஐயோ என்றால் புலி வரும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 2020 மே மாதம் தவறிப்போனார். கொவிட் இல்லை, மாரடைப்பு. சிங்கப்பூரில் கொவிடுக்காக எல்லாவற்றையும் மூடி வைத்திருந்த சர்க்கிட் பிரேக்கர் நேரம் என்பதால் இறுதிச் சடங்கில் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மூத்த மகள் நான். யார் எப்போது வருவது என்று பட்டியல் போட்டதும் நான்தான். சித்தப்பாவின் பெயரை எழுதி இரண்டு முறை அடித்தேன். அன்று அழவில்லை. மண்டாய் தகனச் சாலையிலும் அழவில்லை. இன்று வரை அப்பாவுக்காக அழுததில்லை.

போன மாதம் ரயிலில் ஒரு நாவல் படித்துக்கொண்டு வந்தேன். அதில் ஒரு கிழவர் தன் சைக்கிளை விற்கிறார். யாரும் சாகவில்லை. ஆனால் எனக்கு அழுகை நிற்கவே இல்லை. ஈசூனில் இறங்க வேண்டியவள் உட்லண்ட்ஸ் வரை போய்விட்டேன். பெற்ற அப்பாவுக்கு வராத கண்ணீர் கற்பனைக் கிழவருக்கு வருகிறது என்றால் அது பொய்க் கண்ணீர்தானே? அம்மாவும் அழுவதில்லை. தினமும் காலையில் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார். பார்த்தால் பயமாக இருக்கிறது. எவ்வளவோ பேர் எவ்வளவோ இழந்திருக்கிறார்கள், என்னுடையது பெரிய துக்கம் இல்லை என்பதும் தெரியும். இலக்கியத்தில் மிகச் சோகமான பத்து இடங்கள் எவை என்று சொன்னால் படித்துப் பார்க்கிறேன்.

பெயர் வேண்டாம்,
ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

பத்து இடங்கள் தர மாட்டேன். பத்துப் பேர் பட்டியல் ஒன்றை இத்தனை வருடம் சுமந்தது போதும். ருஷ்ய எழுத்தாளர் செக்காவின் கதையில் வரும் வண்டிக்காரரைச் சொல்லலாம். அந்த வாரம்தான் மகனைப் பறிகொடுத்தவர், வண்டியில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லப் பார்க்கிறார், ஒருவரும் காது கொடுக்காமல் கடைசியில் குதிரையிடம் சொல்கிறார். பாரியின் பெண்களைச் சொல்லலாம். அன்றைய நிலவில் அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்கிறவர்கள். இவையெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், நீங்களே தேடிப் படித்துக்கொள்வீர்கள்.

‘என்னுடையது பெரிய துக்கம் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. யார் உங்களை நிறுத்துப் பார்க்கச் சொன்னது? தேக்கா மார்க்கெட்டில் மீன் நிறுப்பது போல இது இத்தனை கிலோ, பக்கத்து வீட்டுக்காரருடையது இத்தனை கிலோ என்றா? அடக்கம் என்று நினைத்துக்கொண்டு செய்கிறீர்கள். அது அடக்கம் இல்லை, உங்கள் அப்பாவுக்குச் செய்கிற குறை. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சில வாரங்களாக ஆறே வரி உள்ள ஒரு பாட்டு என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புறநானூறு 255, வன்பரணர் பாடியது. காட்டு வழியில் கணவன் விழுந்து கிடக்கிறான். மனைவி பேசுகிறாள். ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே.’ ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அணைத்துத் தூக்கலாம் என்றால் உன் அகன்ற மார்பை என்னால் தூக்க முடியவில்லை. உன்னை இப்படிச் செய்த அறமில்லாத கூற்றுவன் என்னைப் போலவே நடுங்கட்டும். என் முன்கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட.

அவ்வளவுதான் பாட்டு.

இதை முதுபாலை என்ற துறையில், அதாவது பாட்டின் பொருள் வகையில், சேர்த்து, கணவனை இழந்தவளின் புலம்பல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் புலம்பல் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. எங்கே புலம்புகிறாள் அவள்? கணக்குப் போடுகிறாள். கத்தினால் என்ன ஆகும், தூக்கினால் முடியுமா, நிழல் எங்கே இருக்கிறது. நடுவில் ஒரு சாபம், அதுவும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. உடனே மறுபடி வேலை. மேடையில் இந்தப் பாட்டைச் சொல்கிறவர்கள் அந்த முதல் சொல்லைக் குரல் உடைத்து ‘ஐயோ’ என்று இழுப்பார்கள். கூட்டம் உச்சுக் கொட்டும். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருக்கும். அவள் ஐயோ என்று சொல்லவே இல்லையே! ‘ஐயோ எனின்’ என்கிறாள். சொன்னால் என்ன ஆகும் என்கிறாள். தமிழில் நான் படித்த ஐயோக்களிலேயே கனமானது, தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட அந்த ஐயோதான். அதைப் போய் மைக்கில் கத்துகிறார்கள்.

அப்புறம் அந்தக் கடைசிச் சொல். ‘நடத்திசின் சிறிதே.’ ஆஸ்பத்திரியில் நாம் சொல்வதில்லையா, கொஞ்சம் எழுந்திருங்கப்பா, கொஞ்சம் நடங்க, பாத்ரூம் வரைக்கும்தான் என்று? அந்தக் ‘கொஞ்சம்’தான் இது. அவன் நடந்தானா என்று பாட்டில் இல்லை. நடக்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் கையை நீட்டுகிறாள்.

நீங்கள் பேனாவை வைத்துக்கொண்டு பெயர்களை எழுதி எழுதி அடித்தது வேறு என்ன? அன்று நீங்கள் உட்கார்ந்து அழுதிருந்தால் இறப்புச் சான்றிதழை யார் வாங்குவது, அத்தைக்கு யார் போன் பண்ணி நீங்கள் வர முடியாது என்று சொல்வது, பதினோராவது ஆள் வந்து நின்றால் யார் திருப்பி அனுப்புவது? மண்டாயில் கொடுத்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி தானாக நகர்ந்து போகும். வெளியே அடுத்த குடும்பத்தின் பேருந்து வந்து நிற்கும். சாதாரண நாளாக இருந்திருந்தால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கூடாரம் போட்டு, வட்ட மேசைகள் போட்டு, கச்சான் கடலையும் பாக்கெட் பானமும் வைத்து நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் உங்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டிருப்பார்கள். ஊரில் ஒப்பாரிக்கு அப்படித்தான் வட்டமாக உட்காருவார்கள். பாட்டைவிட எனக்கு அந்த வட்டம்தான் பெரிது. நடுவில் இருக்கிறவள் கத்தலாம், அந்த வேலியைத் தாண்டிப் புலி வராது. உங்களுக்கு அந்த வருடம் வேலி கிடைக்கவில்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, அன்று வேறு வழி இல்லை. ஆனால் வேலி இல்லாத இடத்தில் அழவில்லை என்று உங்களை நீங்களே குற்றம் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

என் அப்பா 1953இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. தஞ்சோங் பகார் பக்கம் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். 1971, எனக்கு ஒன்பது வயது. பிரிட்டிஷ் படைகள் தளங்களைக் காலி செய்துகொண்டிருந்த வருடம். தளத்தில் வேலை பார்த்த பக்கத்து வீடுகளில் சீட்டுக் கிழிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. ஒரு மத்தியானம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா வாசற்படியில் நின்று பிரித்தார். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. படிப்பதற்கு முன்பே முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவின் அம்மா, என் அப்பாயி, இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது, கருமாதியே முடிந்துவிட்டது. கப்பலில் போவதென்றாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. போய் யாரைப் பார்ப்பது?

துக்கக் கடிதத்தை வீட்டில் வைக்க மாட்டார்கள். அப்பா அதை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகப் போனார். உறையும் கீழே கிடந்தது. நான் அந்த உறையை எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு நீலப் பறவை ஸ்டாம்ப் இருந்தது, என்னிடம் இல்லாதது. ஒரு சாசரில் தண்ணீர் ஊற்றி, ஸ்டாம்ப் ஒட்டியிருந்த மூலையைக் கிழித்து மிதக்க விட்டேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா தலையில் நீர் சொட்ட வெளியே வந்தார். சாசரைப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது, அடி விழும் என்று நினைத்தேன்.

“புதுசாடா?” என்றார்.

“ஆமாப்பா. பறவை.”

“ஈரத்தோட ஒட்டாத. பூசணம் புடிச்சிரும்.”

சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மூன்று மணி ஷிப்டுக்குப் போய்விட்டார். சாப்பிட்டிருக்க மாட்டார். அன்று போகாவிட்டால் அந்தக் கூலி கிடையாது. அதற்குப் பிறகு அப்பாயியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

1994இல் அப்பா போனார். நான்தான் எல்லாம் ஓடியாடிச் செய்தேன். அழவில்லை. நான்கு வருடம் கழித்து ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டில் இருந்த பழைய தேசிய நூலகத்தில், அந்தச் செங்கல் கட்டடத்தில், ஏதோ ஒரு கட்டுரைக்காகப் புறநானூற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (2004இல் அதை மூடி இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் சுரங்கச் சாலை போகிறது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை, அது வேறு கதை.) ‘நடத்திசின் சிறிதே’ என்ற இடம் வந்தது. அப்பா நினைவு வரவில்லை. அந்தச் சாசர் வந்தது. தண்ணீரில் அந்த நீலம், கரைந்துகொண்டிருந்த பசை, மேலே நின்ற ஈரக் கால்கள். புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காவலாளி, மலாய்க்காரர், வந்து பக்கத்தில் நின்றார். எதுவும் கேட்கவில்லை. அவர் நின்றதும் எனக்கு இன்னும் அதிகமாக வந்தது.

இப்போது சொல்லுங்கள், அது வன்பரணர் எழுதிய பெண்ணுக்காக வந்த கண்ணீரா, அப்பாயிக்கா, அப்பாவுக்கா, அந்த ஒன்பது வயதுப் பையனுக்கா? எதைப் பொய் என்பீர்கள்? கதை படிக்கும்போது கையில் வேலை இல்லை. யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் புலி இல்லை. அழத் தோதான இடத்தில்தானே அழுவார்கள், அம்மா? ரயிலில் அழுததற்கு வெட்கப்பட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டில் ஓர் ஆயா இருந்தார். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். அவர் கணவரை 1943இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, அந்த வருடம் அக்டோபரிலேயே வேலை முடிந்துவிட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள். 1945இல் போர் முடிந்து, பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. கிழித்துப் போட ஒரு கடிதம்கூட வரவில்லை. எந்த நாளில் திதி கொடுப்பது என்றும் தெரியாது. ஆயா கடைசி வரை குங்குமம் வைத்தார். “நான் அழுதா அவரு செத்துருவாருடி” என்று என் அம்மாவிடம் ஒருமுறை சொன்னது என் காதில் விழுந்தது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

உங்கள் அம்மா அந்த ஆயா இல்லை. அப்பா இனி வரமாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தூசி படிகிறது, துடைக்கிறார். ‘என் முன்கையைப் பற்று’ என்றவளின் கை இன்னும் நீண்டபடி இருக்கிறது, அவ்வளவுதான். தடுக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போகட்டுமா என்று தங்கச்சியிடம் குசுகுசுக்க வேண்டாம். அவர் துடைக்கும்போது எட்டி நின்று பார்க்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேசத்தான் வேண்டும் என்று இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் கடிதத்தில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். சித்தப்பாவின் பெயரை இரண்டு முறை அடித்ததற்கு மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தீர்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். கையில் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவரும் அன்று வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவர். அப்பாவிடம் எப்போதாவது ஒரு சைக்கிள் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்.