சூடானதும் அணைந்து, ஆறினால்தான் கிளம்பும் டீசல் பிக்கப்

உங்கள் டீசல் பிக்கப் ஓடிச் சூடானதும் அணைகிறது, ஆறிய பிறகே கிளம்புகிறது, டீசல் பில்டரை மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுவதால் பேட்டரியை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவில்லாமல் முடிந்தது.

இல்லையென்றால் ஒரு இன்ஜெக்டருக்கு (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கையும் முகமும் தள்ளியே இருக்கட்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும். நுரையாக வந்தால் டேங்குக்கும், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று புகுகிறது. எதுவுமே வரவில்லையென்றால் பம்பிலுள்ள ஸ்டாப் சாலினாய்டைப் பாருங்கள், அதாவது சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின் வால்வை. சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் வந்தும் 'டிக்' சத்தம் இல்லையா? சூட்டில் அதன் சுருள் அறுபடுகிறது. என் சந்தேகம் இதன் மேல்தான்.

சாலினாய்டு நன்றாக இருந்தால், பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருந்து மறுபடி முயலுங்கள். உடனே கிளம்பினால் உங்கள் ரோட்டரி பம்பின் ரோட்டர் (உள்ளே சுழலும் பாகம்) தேய்ந்திருக்கிறது. சூடான டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் கசிவதால் ஸ்டார்ட்டர் வேகத்தில் அழுத்தம் சேராது. அது பம்ப் பட்டறை வேலை. விலை கேட்டு மயங்கிவிடாதீர்கள்.

கிளப்புவதற்காகக் காற்று வழியில் அடிக்கும் ஈதர் ஸ்பிரே மட்டும் வேண்டாம். குளோ பிளக் (கிளம்புமுன் சூடேற்றும் பிளக்) உள்ள இன்ஜினில் அது பிஸ்டனையே உடைக்கும்.