உருக்காம ஏன் ஆவியில வளர்க்குறாங்க?

கேள்வி: சிலிக்கான் கிரிஸ்டலை உருக்கின குழம்புல இருந்து மணிக்கு சில சென்டிமீட்டர்னு இழுத்து எடுத்துடுறாங்க, சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சிலிக்கான் கார்பைடை மட்டும் ஏன் சார் ஆவியாக்கி நாள்கணக்குல வளர்க்குறாங்க?

பதில்: வேற வழியில்லைங்க. சிலிக்கான் 1414 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், ஆனா சிலிக்கான் கார்பைடு சாதாரண அழுத்தத்துல உருகவே உருகாது, சூடு ஏத்த ஏத்த கற்பூரம் மாதிரி நேரா ஆவியாத்தான் கிளம்பும். அந்த ஆவியைப் பிடிச்சு கிரிஸ்டலாக்க 1955ல லெலிங்கிற விஞ்ஞானி ஒரு வழி கண்டுபிடிச்சார், ஆனா அதுல சின்னச் சின்ன தகடுங்கதான் இஷ்டத்துக்கு முளைச்சுது. 1978ல சோவியத் நாட்டுல தைரோவ், ஸ்வெட்கோவ்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு சின்ன கிரிஸ்டலை விதையா வச்சு அது மேலயே வளர வச்சாங்க, இன்னிக்கும் ஃபேக்டரியில பெரும்பாலும் அந்த வழிதான்.

கிராஃபைட்ல செஞ்ச க்ரூசிபிள், அதாவது சூடு தாங்குற பாத்திரம், அடியில சிலிக்கான் கார்பைடு பவுடர், மூடியில விதை, உள்ள குறைஞ்ச அழுத்தத்துல ஆர்கான் வாயு, சூடு 2000 டிகிரிக்கு மேல. பவுடரை விட விதை கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், அந்த வித்தியாசம்தான் ஆவியை மேல இழுக்குது. அப்போ வித்தியாசத்தைக் கூட்டினா வேகமா வளருமேன்னு தோணும், வளரும்தான், ஆனா அணுக்கள் சரியான இடத்துல உக்கார நேரம் கிடைக்காம குறைபாடு பெருகிடும், அதனாலதான் மணிக்கு அரை மில்லிமீட்டர் கூட பல சமயம் தாண்டுறதில்ல. இன்னொரு தலைவலி, பவுடர்ல இருந்து கார்பனை விட சிலிக்கான் அதிகமா கிளம்பிடும், அடியில கரி மிஞ்சும், அந்தக் கரித்தூள் பறந்து போய் கிரிஸ்டலுக்குள்ள மாட்டிக்கும். அதுபோக சிலிக்கான் கார்பைடுல அணுக்கள் அடுக்குற விதத்தைப் பொறுத்து 200க்கும் மேல வகை இருக்கு, அதிக மின்சாரத்தைக் கையாளுற பவர் சிப்புக்கு வேணும்கிறது அதுல 4எச்ங்கிற வகை, நடுவுல வேற வகை புகுந்துட்டா அந்தக் கட்டியே வீண். இதெல்லாம் நடக்குறது மூடின கிராஃபைட்டுக்குள்ள, கண்ணால பாக்கவே முடியாது! இவ்வளவையும் கட்டுப்படுத்தி வளர்க்குறவங்க திறமைக்கு உரிய மரியாதை கிடைக்கலைன்னு எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

கேள்வி: ஆவியில வளர்க்கணும்னா எப்பவும் இவ்வளவு சூடு வேணுமா?

பதில்: வேணாம். ஜிங்க்கும் செலினியமும் சேர்ந்த ஜிங்க் செலினைடை குவார்ட்ஸ் குழாயில கொஞ்சம் அயோடினோட போட்டு வெற்றிடமாக்கி சீல் பண்ணா 900 டிகிரிக்குள்ளயே வேலை நடக்கும். சூடான பக்கம் அயோடின் ஜிங்க்கோட சேர்ந்து ஜிங்க் அயோடைடு ஆவியாகும், செலினியமும் ஆவியாயிடும், குளிர்ந்த பக்கம் போனதும் ரெண்டும் திரும்பச் சேர்ந்து கிரிஸ்டலா படியும், விடுபட்ட அயோடின் மறுபடி சூடான பக்கம் வந்து அடுத்த லோடை ஏத்திக்கும். கொஞ்சூண்டு அயோடின் போதும்கிறது அதனாலதான். என்ன, கொஞ்சம் அயோடின் கிரிஸ்டலுக்குள்ளயே தங்கி அதோட மின்கடத்தலை மாத்திடும், சுத்தமான கிரிஸ்டல் வேணும்னா இந்த வழி சரிப்படாது.