தறியை விற்று ஜெர்மனி போகலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. அப்பா எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார். இப்போது நான்குதான் ஓடுகின்றன.

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பாவும் நானும் ஈரோட்டில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். “அங்கே படிப்பு இலவசம். பாடம் ஆங்கிலத்தில்தான், ஜெர்மன் தேவையே இல்லை. செலவெல்லாம் பகுதிநேர வேலையிலேயே ஓடிவிடும்” என்றார்கள். அவர்களுக்குக் கட்டணம் ஒன்றரை லட்சம். அதுபோக வங்கியில் 12 லட்சம் காட்ட வேண்டுமாம். படிப்பு இலவசம் என்றால் 12 லட்சம் எதற்கு என்று அப்பா கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஓடாத நான்கு தறியை விற்றுவிட்டு, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிடலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லூரியில் முதல் வருடம் முழுக்க ஆங்கிலம் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். ஜெர்மன் தேவையில்லை என்று சொன்னதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். அது உண்மைதானா? நான் போகலாமா?

இன்னொன்று. சிரிக்கக் கூடாது. அம்மா குக்கரைக் கொண்டுபோகச் சொல்கிறார். விமானத்தில் விடுவார்களா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த அலுவலகத்தில் அன்றைக்குக் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி உங்கள் அப்பா கேட்டதுதான். சிரித்தவர்கள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்த 12 லட்சம் கட்டணம் அல்ல. ஓராண்டு அங்கே பிழைக்க உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் மாணவர் விசா கிடைக்கும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அதை உங்கள் பெயரிலேயே ஒரு முடக்கக் கணக்கில் போடுகிறீர்கள். அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். வாடகை, அரிசி, பருப்பு, மாதம் ஏறத்தாழ 140 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். பணத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை, ஆனால் பன்னிரண்டு மாதத்தில் கரைந்துவிடும்.

படிப்பு இலவசம் என்பது பெரும்பாலும் உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பருவத்துக்குச் சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணத்தோடு முடிந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூவெ நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது, அதுவும் ஒவ்வொரு பருவத்துக்கும். தனியார் கல்லூரிகள் என்றால் இலவசம் என்ற பேச்சே கிடையாது. அரசுப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தனியார் கல்லூரியின் விண்ணப்பத்தை நீட்டும் முகவர்கள் உண்டு, அங்கே அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதால். கையெழுத்துப் போடுமுன் கல்லூரி அரசுடையதா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பகுதிநேர வேலைக்கு வருவோம். 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. பெருக்கிப் பார்த்தால் முடக்கக் கணக்கைவிடவே அதிகம் வருகிறது. கன்சல்டன்சியில் காட்டும் கணக்கு இதுதான். வேலை கிடைத்தால் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மொழி தெரியாதவனுக்குக் கிடைப்பது கிடங்கில் இரவு முறை, அல்லது முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டுமே கேவலமான வேலை அல்ல. விடிய விடியப் பெட்டி தூக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் உட்கார முடியாது, அவ்வளவுதான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பே போய்விடும். நம் ஊரைப் போல அரியர் வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்ட முடியாது.

எனவே ஜெர்மன் தேவையே இல்லை என்று அவர்கள் சொன்னது பொய். அந்த நாடு கட்டணத்தைப் பணமாக வாங்குவதில்லை, மொழியாக வாங்குகிறது. முன்கூட்டிக் கட்டாதவர்களிடம் பிறகு வட்டியோடு வசூலிக்கிறது.

இதை நான் என் அக்கா மகனிடம் பார்த்தேன். மாக்டெபுர்க் நகரில் படித்தான். நவம்பரில் போய் இரண்டு வாரம் அவன் அறையில் தங்கினேன். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கட்டிலுக்கடியில் ஒரு செருப்புப் பெட்டி. அதில் முழுக்கத் தபாலில் வந்த கடிதங்கள். ஜெர்மனியில் எல்லாமே கடிதம்தான். காப்பீட்டிலிருந்து, வங்கியிலிருந்து, நகராட்சியிலிருந்து, வீட்டுக்காரரிடமிருந்து. போன புதிதில் ஒன்றும் புரியாமல் பாதியை விளம்பரம் என்று குப்பையில் போட்டிருக்கிறான். அதில் ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு வந்த கடிதம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். மூன்று மாதம் கழித்து அபராதத்தோடு இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் முதல் கடிதம் வந்ததே அவனுக்குத் தெரிந்தது.

அபராதம் சின்ன விஷயம். வகுப்பில் அவன் நன்றாகத்தான் படித்தான். அங்கே மதிப்பெண் தலைகீழ், 1.0 தான் முதலிடம். இவன் 1.7 வாங்கினான். பாடமும் ஆங்கிலத்தில்தான், கன்சல்டன்சிக்காரர்கள் சொன்னபடியே. இரண்டாம் ஆண்டில் தொழிற்சாலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தான், எண்பதுக்கும் மேல். வந்த பதில்களை என்னிடம் வரிசையாகக் காட்டினான். மரியாதையான பதில்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வரியில் அதே சங்கதி: எங்கள் பட்டறையில் ஜெர்மன்தான் பேசுகிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னானா என்று கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பவே இல்லை. “அம்மா நகையை வைத்து அனுப்பியிருக்கிறாள் மாமா” என்றான்.

அவனைக் காப்பாற்றியது ஒரு பேக்கரி. ஊழியர்களில் பாதிப் பேர் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்ததால் அரைகுறை ஜெர்மனோடு இவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ரொட்டியை இயந்திரத்தில் கொடுத்துத் துண்டு போடுவது, காகிதத்தில் சுற்றுவது, காசு வாங்கிப் போடுவது. முதல் இரண்டும் பிரச்சினை இல்லை. காசுதான் சிக்கல். ஜெர்மனில் இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்று சொல்ல வேண்டும். முப்பத்தைந்து என்றால் ‘ஐந்தும் முப்பதும்’. சனிக்கிழமைதோறும் வரும் ஒரு பாட்டிக்கு 4.35 யூரோ என்று சொல்ல நினைத்து 4.53 என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கண்ணாடித் தட்டில் நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்து, எண்ணிக் காட்டி, “இப்போது நீ சொல்” என்று காத்திருந்தாராம். பின்னால் வரிசை. இவனுக்கு வியர்த்துவிட்டது. சொன்னான். அடுத்த சனிக்கிழமையும் அதே தட்டு, அதே பரீட்சை. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஜெர்மன் மொழித் தேர்வுப் படிகளில் பி2-ஐ எட்டு மாதத்தில் எழுதித் தேறினான். அதன் பிறகுதான் பயிற்சி வேலை கிடைத்தது. அதற்குள் ஒரு பருவம் கூடுதலாகிவிட்டது. அந்தப் பருவத்துக்கான செலவுக்கு மீதி நகையும் போனது. வட்டியோடு வசூலிக்கிறது என்றேனே, அது இதுதான்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. புரியாத மொழியில் பாடம் நடக்கும் வகுப்பறையில் ஓராண்டு உட்கார்ந்திருந்து, எழுந்து போகாமல், அந்த மொழியைப் பிடித்து, அதே மொழியில் வெப்பவியல் தேர்வு எழுதித் தேறியவர் நீங்கள். எல்.கே.ஜி. முதல் ஆங்கிலத்தில் படித்த உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு இந்த அனுபவம் கிடையாது. என் அக்கா மகனுக்கும் கிடையாது. அவன் கான்வென்ட். ஒரு வாக்கியம் புரியாமல் போவது அவனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக 23 வயதில் நடந்தது. அதனால்தான் அந்தக் கடிதங்களைப் பெட்டியில் போட்டு மூடினான் என்று நினைக்கிறேன்.

ஜெர்மன் இலக்கணத்தைப் பார்த்து ஆங்கில வழிக்காரர்கள் அலறுவார்கள். நீங்கள் அலற வேண்டியதில்லை. ‘ஏனெனில்’, ‘என்று’ போன்ற சொற்களோடு வரும் துணை வாக்கியங்களில் அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். வேற்றுமை அங்கே நான்குதான், நீங்கள் பள்ளியில் எட்டு படித்தீர்கள். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்பதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியவைதான், தப்பிக்க வழியில்லை. சிறுமியைக் குறிக்கும் சொல் ஆணுமில்லை பெண்ணுமில்லை, மூன்றாம் பால் என்று வகுப்பில் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். நாமும் ‘குழந்தை சிரித்தது’ என்றுதான் சொல்கிறோம்.

எதிர்த்திசையில் இதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. தமிழில் ஒரு சொல் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பத்தாவது ஆண்டில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்தது. மாக்டெபுர்க்கிலிருந்து ஹாலே ரயிலில் ஒரு மணி நேரம்தான். அங்கேயுள்ள பழைய ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. போனால் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. மூடியிருந்தது.

போகலாமா என்று கேட்டீர்கள். இன்றைக்கு நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப்போவதில்லை. ஆனால் தறியை இப்போது விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். முதலில் கோவையிலோ ஈரோட்டிலோ ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். ஏ1 நிலைக்கு ஆகும் செலவு ஒரு தறியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஏ2 முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், இந்த மொழியோடு குடித்தனம் நடத்த முடியுமா முடியாதா என்று. முடியாது என்று தோன்றினால் செலவு வகுப்புக் கட்டணத்தோடு நிற்கும், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும். முடியும் என்றால் பி1-ஐ இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். படிப்பு முடிந்ததும் ஓராண்டு எங்காவது வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்யலாம். வயது ஒன்றும் போய்விடாது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

விண்ணப்ப வேலைக்கு ஒன்றரை லட்சம் கொடுக்கத் தேவையே இல்லை. இந்திய மாணவர்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பெறும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30. எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பாடம், எந்த மொழியில் என்பதை டாட் என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் மதிப்பெண்ணை எழுதவில்லை. 10-க்கு 7.5, தேர்ச்சிக்கு 5 என்று வைத்தால் அவர்கள் கணக்கில் 2.5 வரும். பல துறைகள் அந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. உங்கள் மதிப்பெண் 7.5-க்குக் கீழே இருந்தால் விண்ணப்பிக்கும் இடங்களைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிப் பருவம் இன்னும் கையில் இருக்கிறதல்லவா?

கல்விக் கடன் பற்றி ஒன்றே ஒன்று. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதை மாதாமாதம் கட்ட முடியுமா என்று அப்பா கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அவருக்குக் கணக்கு நன்றாக வருகிறது.

குக்கர் கொண்டுபோகலாம். கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். மூன்று லிட்டர் போதும். என் அக்கா மகனின் குக்கர் முதல் விசில் அடித்தபோது பக்கத்து அறை ஜெர்மன் பையன் சட்டை போடாமல் சமையலறைக்கு ஓடி வந்திருக்கிறான். இப்போது அவனே சாம்பாருக்கு எத்தனை விசில் என்று கேட்கிறான். கேஸ்கட் மட்டும் கூடுதலாக இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா மகன் சொன்னான். அந்த ஊரில் தேடி அலைந்தும் அவனுக்குக் கிடைக்கவில்லையாம்.