கலப்புப் பயிற்சி என்றால் என்ன? ஒருநாள் வகுப்பு மட்டும் ஏன் போதாது?

வேலையிடத்தில் நேரில் நடக்கும் குறுகிய பயிற்சியையும், அவரவர் வேகத்தில் இணையத்தில் படிக்கும் பாடங்களையும் இணைத்து நடத்துவதே கலப்புப் பயிற்சி.

அடிப்படைக் காரணம் மறதி. கற்றதைத் திரும்பத் தொடாவிட்டால் அது எவ்வளவு விரைவாக நழுவுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இடைவெளி விட்டு மறுபடி படித்தால் நினைவில் நிற்கும். ஒருநாள் வகுப்பில் அதற்கு இடமில்லை.

மயிலாப்பூரில் பாட்டு கற்பவரைப் பாருங்கள். சுருதி விலகினால் குரு அங்கேயே திருத்துகிறார்; கீர்த்தனை படிவதோ வீட்டுச் சாதகத்தில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பழகுபவருக்கும் இதே முறைதான். இயந்திரத்தில் கை வைக்கும் விதத்தையும் பாதுகாப்புப் பழக்கத்தையும் ஒருவர் அருகில் நின்று பார்த்தே ஆக வேண்டும். வரைபடம் வாசிப்பதையும் அளவுக் கணக்கையும் கைபேசியில் படிக்கலாம். ஆனால் அதற்கான நேரத்தை நிறுவனம் பணி நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். நெரிசல் பஸ்ஸில் நின்றபடி வீடு திரும்பும் தொழிலாளியை இரவில் உட்கார்ந்து படிக்கச் சொல்வது நியாயமே இல்லை.

வகுப்பைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினாலே கலப்புப் பயிற்சி ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இணையத்தில் படித்ததை அடுத்த நேர்முக வகுப்பில் செய்துபார்க்கும்படி அமைத்தால்தான் அது கலப்புப் பயிற்சி.