சன்னலில் காதைப் பொத்திக்கொண்டவர்

அன்புள்ள ஐயா,

ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1741இல் வெளியிட்ட ‘கோபங்கொண்ட இசைக்கலைஞர்’ அச்சுப்படத்தைப் பார்த்தேன். ஆங்கிலத் தேசப்பற்றைச் சொல்லும் கேலிப்படம் என்கிறார்கள். எனக்கோ அந்த வயலின்காரர்மேல் பரிதாபம்தான் வந்தது. இதில் தேசப்பற்று எங்கே இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

எனக்கும் முதலில் பரிதாபம்தான் வந்தது. ஆனால் சன்னலுக்கு வெளியே பாருங்கள். கைக்குழந்தையோடு பாட்டு விற்கிறவள், தலையில் குடத்தோடு பால்காரி, கத்தி சாணை பிடிக்கிறவன், முரசடிக்கும் பையன், இதெல்லாம் போதாதென்று விளக்கில் ஒரு கிளி. வயலின்காரர் மட்டும்தான் உள்ளே, பொய்முடியும் பட்டுச்சட்டையுமாக, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். அவர் பக்கத்துச் சுவரில் ‘பெக்கர்ஸ் ஆபரா’ விளம்பரம். தெருப்பாட்டு மெட்டுகளில் ஆங்கிலத்தில் எழுதி 1728இல் மேடையேறி, அந்த ஒரு பருவத்திலேயே 62 முறை நடந்து பிரபுக்கள் கொண்டாடிய இத்தாலிய ஆபராவின் (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) மானத்தை வாங்கிய நாடகம் அது. சரி, ஹோகார்த் உள்ளே நிற்கிறவர் கட்சியல்ல, தெருவின் கட்சி என்று இப்போது தெரிந்திருக்கும். பிரபுக்கள் இத்தாலியப் பாடகர்களுக்குக் கொட்டிக் கொடுத்த பணம் அவருக்குத் தீராத எரிச்சல். இந்த மோகத்தைக் கேலிசெய்து 1724லேயே ஷேக்ஸ்பியர் நூல்களைத் தள்ளுவண்டியில் பழைய காகிதமாகப் போட்டு வரைந்தவர்.

தேசப்பற்று நேரடியாக வேண்டுமென்றால் அவருடைய ‘கலே வாசல்’ படத்தைப் பாருங்கள். 1748இல் பிரான்சின் கலே ஊரில் கோட்டை வாசலை வரைந்துகொண்டிருந்தவரை உளவாளி என்று பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் பழி தீர்த்துக்கொண்டார். ஆங்கில விடுதிக்குப் போகிற ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு, அதைத் தொட்டுப் பார்க்கும் தொந்திச் சாமியார், கஞ்சிக்குக் காய்ந்த சிப்பாய்கள். படத்தில் யாரும் பாடவில்லை. ஆனால் படத்தின் இன்னொரு பெயரே பாட்டு: ‘ஓ, பழைய இங்கிலாந்தின் வறுத்த மாட்டிறைச்சி’. ஆங்கில எழுத்தாளர் ஃபீல்டிங் 1731இல் நாடகத்துக்கு எழுதியது. வாங்கினவன் படத்தைப் பார்த்தபடியே அதை முணுமுணுத்திருப்பான்.

ஆனால் எல்லார் தீனிக்கும் ஒரே மதிப்பில்லை. ஹேண்டல் ஜெர்மனியில் பிறந்தவர், 1727இல் பிரிட்டிஷ் குடிமகனாகி, அதே ஆண்டில் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு இசையமைத்தவர். 1754இல் கூப்பி என்ற ஓவியர் அவரைப் பன்றிமுகத்தோடு, மதுப் பீப்பாய்மேல் உட்கார்ந்து ஆர்கன் வாசிக்கிறவராக வரைந்தார். ஆங்கிலேயன் இறைச்சி தின்றால் வீரம், ஹேண்டல் தின்றால் பெருந்தீனி!