தகரச் சுவரில் மின்பெட்டி: கேள்வி பதில்

அம்பத்தூர் வாசகர்: ஐயா, பட்டறையின் வெளிச்சுவர் அரை மில்லிமீட்டர் ஷீட். ஆறு கிலோ எடையுள்ள மின்பெட்டியை அதில் நேரடியாகத் திருகலாமா?

கூடாது. ஷீட் மழையையும் வெயிலையும் தடுப்பதற்கே தவிர, எடை தாங்குவதற்கன்று. அந்தத் தகட்டில் ஸ்க்ரூவின் ஒரு முழு மறைகூடப் பிடிக்காது. ஷீட் அதிர அதிர ஓட்டை பெரிதாகி, 2016 வர்தா போன்ற புயல் எதுவும் இல்லாமலே, ஆடிக் காற்றிலேயே பெட்டி தொங்கிவிடும். உட்புறம் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான இரண்டு பர்லின்களுக்கு இடையே இரும்பு ஆங்கிள் ஒன்றைச் செங்குத்தாக முடுக்கி, பெட்டியின் போல்ட் ஷீட்டைக் கடந்து அதைப் பிடிக்குமாறு செய்யுங்கள். துளை ஷீட்டின் நெளிவு மேட்டில் இருக்கட்டும், ஏனெனில் தண்ணீர் பள்ளத்தில்தான் ஓடும். மேடு நசுங்காதிருக்க, போல்ட்டில் ஒரு சிறு குழாய்த் துண்டைக் கோத்து ஷீட்டுக்கும் ஆங்கிளுக்கும் நடுவே முட்டுக் கொடுங்கள். துளையிட்ட இரும்புத்தூளை உடனே பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விட்டால் ஒரே மழையில் சுவரெங்கும் துருப்புள்ளி தோன்றும்.

திருவொற்றியூர் வாசகர்: ஐபி 65 பெட்டிதான் வாங்கினேன். ஆனாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறது.

அந்த எண்ணில் 6 தூசு புகாமையையும், 5 பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். நீங்கள் போடும் துளைக்கு அது பொறுப்பேற்காது. ஐப்பசி மழைக்குப் பின் நான் திறந்த ஒரு பெட்டியில் பாதியளவு தண்ணீர் நின்றது, செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. குழாய் மேல்பக்கமாக நுழைந்திருந்ததே காரணம். கேபிளைக் கீழிருந்து, அதை இறுகப் பிடித்து நீரைத் தடுக்கும் கிளாண்ட் வழியாக நுழையுங்கள். நுழையுமுன் ஒரு வளைவு தொங்கினால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

பல்லாவரம் வாசகி: கேபிள் செல்லும் ஓட்டையைச் சுற்றிச் சிலிக்கான் பூசினால் போதாதா?

போதாது, அம்மா. வெட்டிய தகட்டின் விளிம்பு கத்திக்குச் சமம். முதலில் அந்த விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட், அதன்பிறகே சிலிக்கான். புளித்த வாடை வரும் வகை துத்தநாகப் பூச்சை அரிக்குமாதலால், நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மாதவரம் வாசகர்: மேற்குச் சுவரில் பிவிசி குழாய் பாம்புபோல் நெளிந்துவிட்டது.

3 மீட்டர் குழாய், 30 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். குழாயைச் சுவரோடு சேர்க்கும் சேடில்கள் இறுகப் பிடிக்காமல் அது நகர இடம் கொடுக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தில் விரிவுக் கப்ளர் தேவை.

கிண்டி வாசகர்: மீட்டர் பெட்டியை நானே வெளிச்சுவருக்கு மாற்றலாமா?

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதில் நாம் கைவைக்கக் கூடாது.

ஆவடி வாசகர்: இரும்புத் தூண்கள் மண்ணில்தானே நிற்கின்றன? கொட்டகையே எர்த் ஆகிவிடுகிறதே. தனி எர்த் வயர் வீண் செலவல்லவா?

இந்த எண்ணத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். தூணுக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் கேபிள் வெட்டுப்பட்டு 230 வோல்ட் தகட்டில் ஏறினால் ஓடுவது 11.5 ஆம்பியர், மிகை மின்னோட்டத்தை மட்டும் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி அதை நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கும். எதுவும் டிரிப் ஆகாமல் கொட்டகை முழுவதும் உயிரோட்டத்துடன் நிற்கும். ஈரக் காலுடன் சுவரில் கைவைப்பவரின் கதியை எண்ணிப் பாருங்கள்.

அவரே மீண்டும்: மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறேனே?

நல்லது, அது இந்தக் கசிவில் துண்டித்துவிடும். ஆனால் அதன் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? அது பழுதாகும் நாளில் உங்களுக்குத் துணை எர்த் வயர் மட்டுமே. இரண்டும் வேண்டும்.

போரூர் வாசகர்: சிலிக்கான் மட்டும் பூசினால்…

பல்லாவரம் அம்மாவுக்கான பதிலைப் படியுங்கள். குரோமெட்டை மறக்காதீர்கள்.

ஆவடி வாசகர்: சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். எர்த் வயரைத் தூணில் எப்படி இணைப்பது?

போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெறும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டுங்கள். வயர் முனையில் லக் என்னும் உலோக வளையத்தை அழுத்தி, பல்வாஷருடன் முடுக்கியபின், மேலே துத்தநாகப் பெயின்ட் பூசுங்கள். மறுமுனை மெயின் போர்டின் எர்த் பட்டைக்குப் போக வேண்டும், இன்னொரு தூணுக்கு அல்ல.